கம்பெனி காசும் காசிமேட்டுப் பிள்ளைகளும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடுபிடிக்கும் நேரம் பின்னிரவு. ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். படகிலிருந்து கூடை இறங்க இறங்க, வஞ்சிரமும் சங்கராவும் நண்டும் தரையில் குவியும். விலை கூவுகிறவரைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். கூடையை எடுத்து, ஐஸ் போட்டு, ஆட்டோ பிடித்து, மார்க்கெட்டிலோ தெருவிலோ விற்று முடித்து அவர்கள் வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். பால்வாடி திறப்பதோ காலை ஒன்பது மணி வாக்கில். இந்த இடைப்பட்ட நேரத்தில் அவர்களுடைய இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள்? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லாவிட்டால் அக்காவிடம்.

அந்த அக்காவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அவளுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். தம்பிக்கு முகம் கழுவிவிட்டு, டீயில் பன் தொட்டுக் கொடுத்து, பால்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். பால்வாடி டீச்சர் ஏதாவது கூட்டத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு அவளுக்கும் லீவுதான். இப்படி விட்டுவிட்டுப் படிக்கிற பிள்ளை ஆறாம் வகுப்பில் திணறும், எட்டாம் வகுப்பில் காணாமல் போகும். அதன் பிறகு இளைஞர் மேம்பாடு என்ற தலைப்பில் யாராவது அவளைத் தேடி வருவார்கள். நன்கொடை தரும் அறக்கட்டளைகளின் படிவங்களில் 'முன்பருவக் குழந்தைகள்' ஒரு தலைப்பு, 'வளரிளம் பருவத்தினர், இளைஞர்' இன்னொரு தலைப்பு. வடசென்னை வீட்டில் இரண்டும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஊதியம் வாங்கும் ஒரு பெரியவர் இருந்தால் அக்கா பள்ளியில் இருப்பாள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அந்த ஊதியத்தைப் பற்றித்தான்.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான இந்தப் பட்டையில் பணத்துக்குப் பஞ்சம் இல்லை. அசோக் லேலண்ட் பிறந்தது 1948-ல், எண்ணூரில். புல்லட் மோட்டார் சைக்கிள் 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் ஓடத் தொடங்கியது. எம்.ஆர்.எஃப். என்ற டயர் சாம்ராஜ்யம் 1946-ல் அதே திருவொற்றியூரில், குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்யும் ஒரு கொட்டகையாகத்தான் இருந்தது. மணலியில் 1965-ல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் இன்றைக்கு சி.பி.சி.எல். இவற்றோடு உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையங்கள், சென்னைத் துறைமுகம், 2001-ல் வந்த காமராஜர் துறைமுகம். நாட்டின் பெரிய பெயர்கள் பல இங்கே ஒரே சாலையில் வரிசை கட்டி நிற்கின்றன.

2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு இவர்களுக்கு ஒரு கடமையை விதித்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊர்ப்பக்கம் இதற்கு 'சி.எஸ்.ஆர். நிதி' என்று பெயர். நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை வழிகாட்டுதல்தான், கட்டாயம் அல்ல என்று மத்திய அரசின் விளக்கம் பின்னர் தளர்த்திவிட்டது. பொதுத்துறை நிறுவனங்களுக்கு 2018 டிசம்பரில் இன்னொரு உத்தரவு போனது. செலவில் சுமார் 60 சதவிகிதம் அந்தந்த ஆண்டின் மையக் கருத்துக்குப் போக வேண்டும்; 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்ட இடங்களுக்கு முன்னுரிமை தரலாம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ளவை இராமநாதபுரமும் விருதுநகரும். அந்த மாவட்டங்களுக்குப் பணம் போவதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் புகைபோக்கி நிற்பது எண்ணூரில் என்பதையும் யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

உள்ளூருக்கு வருகிற பணம் எதுவாக வருகிறது என்று பாருங்கள். வகுப்பறைக்கு பெஞ்ச், ஸ்மார்ட் போர்டு, குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம், கழிவறை, சுவரில் யானையும் ஆப்பிளும் வரைந்த பெயின்ட். வாசலில் நிறுவனத்தின் பெயர்ப் பலகை, திறப்பு விழா புகைப்படம். இவை எல்லாம் தேவைதான். பெஞ்ச் இல்லாமல் தரையில் உட்கார்ந்து எழுதிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எந்திரத்தின் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மாற்ற ஆள் யார்? ஸ்மார்ட் போர்டு முன்னால் நின்று பாட்டுச் சொல்லித் தருவது யார்? பொருளுக்குக் காசு சுலபமாகக் கிடைக்கிறது. ஆளுக்குக் காசு கேட்டால் அறையில் அமைதி.

ஒரு பால்வாடிக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அறை. மூலையில் சமையல், நடுவில் பாய், ஓரத்தில் எடை பார்க்கும் கருவி. குழந்தையை நிறுத்தி எடை குறித்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார் டீச்சர். புள்ளி பச்சைக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அம்மாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அதே டீச்சர்தான் சத்துமாவு பாக்கெட் கணக்கும், கர்ப்பிணிகள் பட்டியலும், போனில் ஏற்ற வேண்டிய தகவலும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கிறார். ஆயா சமைக்கிறார், பிள்ளைகளைக் கழுவிவிடுகிறார், பெருக்குகிறார். இருபது பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை சொல்ல இவர்களில் யாருக்கு நேரம் மிஞ்சும்? ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒரு குழந்தையின் ஊட்டச்சத்துக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017-ல் மத்திய அரசு நிர்ணயித்தது. டீச்சருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250 என்று 2018-ல் உயர்ந்தது. மேற்கொண்டு மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 54,400 மையங்கள் இப்படித்தான் நிற்கின்றன.

இந்த மையங்களுக்கு வித்திட்ட ஒருவர் சென்னைவாசி. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகள் குறித்து 1972-ல் அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு ஓர் அடித்தளம். உழைக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டும் என்பதைக் கடைசிவரை அவர் வலியுறுத்தினார். அந்தக் காப்பகங்களுக்கு நேர்ந்ததோ வேறு. 2017-ல் மத்திய அரசின் காப்பகத் திட்டத்தில் நிதிப் பங்கீடு மாறியது. தொண்டு நிறுவனங்கள் 10 சதவிகிதம், மாநிலங்கள் 30 சதவிகிதம் என்று ஆனது. நாடு முழுக்க 20,000-க்கு மேல் இருந்த காப்பகங்கள் சில ஆண்டுகளில் 7,000-க்கும் கீழே வந்துவிட்டன. மூடிய காப்பகங்களைக் கணக்கில் எழுதலாம். அங்கே வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எந்த அக்காவின் இடுப்புக்குப் போனார்கள் என்பதை எந்தக் கணக்கும் எழுதவில்லை.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: சட்டம் இடம் கொடுக்கவில்லை, ஆண்டுக்கு ஆண்டு செலவழித்து முடிக்க வேண்டும், சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுக்கு 5 சதவிகிதம்தான் வரம்பு. இதை நம்பிக்கொண்டு திரும்பி வந்த சின்னச் சின்ன அமைப்புகள் பல. ஆனால் விதிகளைப் படித்தால் வேறு கதை தெரிகிறது. 5 சதவிகித வரம்பு நிறுவனம் தன் சொந்த அலுவலக நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கு மட்டும்தான். களத்தில் திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவு அந்த வரம்புக்குள் வராது என்று 2021 ஆகஸ்டில் வந்த அரசு விளக்கமே சொல்கிறது. காப்பகத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் ஊதியம் திட்டத்தின் செலவு, அதுதான் திட்டமே. ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். 2021 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி, தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரு பணியைத் 'தொடர் திட்டம்' என்று நடத்தலாம். செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆகக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். இரண்டு வயதில் வந்த குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை சட்டம் கூடவே வருகிறது.

இதற்கு உதாரணம் இதே பட்டையிலிருந்தே கிடைக்கிறது. அசோக் லேலண்ட் 2015-ல் 'ரோடு டு ஸ்கூல்' என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற ஆட்களைப் பள்ளிக்குள் நிறுத்துவது அதன் மையம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. ஆளுக்குக் காசு கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த எண்ணத்தை எண்ணூர்க் குப்பங்களின் பால்வாடி வாசலுக்கும் கொண்டு வாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஆளுக்குக் கொடுக்கும் காசு பலன் தரும் என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-ல் ஒரு முயற்சி நடந்தது. வறுமையில் இருந்த கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேருக்குத் தரமான முன்பள்ளி, 65 பேருக்கு வழக்கம்போல வீடு. வகுப்பறையில் ஆடம்பரம் எதுவும் இல்லை. நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியை, சிறிய வகுப்பு, வாரம் ஒருமுறை அந்த ஆசிரியையே வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்காருவது, அவ்வளவுதான். இவர்களை ஐம்பது வயது தாண்டியும் ஆய்வாளர்கள் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார்கள். முன்பள்ளிக்கு வந்தவர்கள் நாற்பது வயதில் அதிகம் சம்பாதித்தார்கள், காவல் நிலைய வாசலைக் குறைவாக மிதித்தார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்தக் கணக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதினார். 'வடசென்னை' என்றாலே ரவுடி என்று படம் எடுக்கிற ஊரில், இந்த ஆய்வு இன்னும் சத்தமாகப் பேசப்பட வேண்டும்.

வடசென்னைக்குத் தர்மம் புதிதல்ல. 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் ஸ்டான்லி மருத்துவமனைக்கு மூலம். இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1920-ல் சென்னை மாநகராட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட வழி செய்த பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர். ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு என்று ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கினார்கள். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டதால் 1925-ல் அது நின்றது. தலைப்பு பொருந்தவில்லை என்று பிள்ளையின் தட்டு காலியானது. நூறாண்டு கழித்தும் 'இந்தத் தலைப்பில் சம்பளம் வராது' என்ற பதில் கேட்கும்போது எனக்கு அந்த உத்தரவுதான் நினைவுக்கு வருகிறது.

பிற்பாடு நடந்ததும் கவனிக்க வேண்டியது. 2019-ல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அட்சய பாத்ரா என்ற தனியார் அறக்கட்டளை காலை உணவு தரத் தொடங்கியது. கிரீம்ஸ் சாலையிலும் பேசின் பிரிட்ஜிலும் சமையற்கூடத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஆளுநரின் விருப்ப நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் போனது. வெங்காயமும் பூண்டும் இல்லாத சாப்பாடு யாருடைய வீட்டுச் சாப்பாடு என்று கேள்வி எழுந்தது. காசிமேட்டுப் பிள்ளைக்கு என்ன பரிமாறுவது என்பதைப் பணம் தருகிறவர் தீர்மானிக்கலாமா என்பதே அந்தக் கேள்வியின் சாரம், அது நியாயமான கேள்வி. 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியபோது, 1,545 அரசுப் பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகளுக்கு அரசே பொறுப்பேற்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நம் அடுப்பின் சமையல். அறக்கட்டளை என்பது வழியைத் தொடங்கிவைக்கலாம், உரிமையாகத் தூக்கிச் சுமக்க வேண்டியது அரசுதான். அறக்கட்டளை தொடங்கிவைக்கும்போதும் ஊர்ப் பெண்களைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது காற்றைப் பற்றியாகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகு, வலை, அலையாத்தி எல்லாம் கறுத்தன. அந்த மாதமே 26-ம் தேதி நள்ளிரவு, சுனாமி நினைவு நாளில், பெரியகுப்பம் கடலோரத்தில் கோரமண்டல் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மூச்சு முட்ட ஓடினார்கள் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவிகள் மூச்சுத்திணறி மயங்கினார்கள். கசிவு நின்றே ஆக வேண்டும், இழப்பீடு வந்தே ஆக வேண்டும். அது சட்டத்தின் கடன், சமூகப் பொறுப்பு நிதியில் கழிக்கக் கூடாத கடன். பெயின்ட் அடித்த பால்வாடியைக் காட்டி அதை ஈடுகட்ட முடியாது.

மணலும் போயிற்று. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து கடலோடு வரும் மணல் அங்கேயே தேங்கியது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. இன்றைக்குப் பல இடங்களில் கரை என்று இருப்பது கருங்கல் குவியல்தான். நகரத்துக்கு உலகப் புகழ்பெற்ற கடற்கரை கிடைத்த அதே கணக்கில், வடக்கே பிள்ளைகள் கபடி ஆடிய மணல் போனது. ஆகவே இங்கே ஒரு விளையாட்டுத் திடலுக்குத் துறைமுகம் பணம் கொடுத்தால் அதை நன்கொடை என்று நான் சொல்ல மாட்டேன்.

திடல் இல்லாத இடத்தில் பிள்ளைகள் சுருங்கிய இடத்திலேயே சாதித்தார்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டும் தந்தை இலவசமாக நடத்திய கேரம் பயிற்சி மையத்தில் ஆடிப் பழகிய காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த மையத்தில் ஆடுகிற மற்ற பிள்ளைகளைப் பாருங்கள். போர்டு தேயும், பவுடர் தீரும், வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட் வேண்டும். தங்கத்துக்குப் பிறகு வரும் கோடியைவிட, தங்கத்துக்கு முன்னால் மாதாமாதம் வரும் சில ஆயிரங்கள்தான் அடுத்த காசிமாவை உருவாக்கும். அப்படிச் சிறு தொகையைத் தொடர்ச்சியாகத் தர எந்த அறக்கட்டளையின் படிவத்திலும் கட்டம் இல்லை.

தொடர்ந்து நின்றவர்களும் உண்டு. 1992-ல் தொடங்கிய அருணோதயா இராயபுரத்தை மையமாக வைத்து உழைக்கும் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. தண்டையார்பேட்டையின் கருணாலயா தெருவோரக் குழந்தைகளுக்காக 1990-களின் நடுவிலிருந்து இருக்கிறது. 2019-ல் லண்டனில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியில் அதன் பிள்ளைகள் இருந்தார்கள். இறுதிப் போட்டி லார்ட்ஸ் மைதானத்தில், எதிரணி இங்கிலாந்து. இத்தகைய பணிகள் முப்பது ஆண்டுகளாக நிற்பதற்குக் காரணம், ஒரே தெருவில் ஒரே ஆட்கள் விடாமல் இருந்தது.

சின்ன அமைப்புகளுக்கு அந்த வாய்ப்பு இப்போது குறுகிவிட்டது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய அமைப்பு வாங்கும் வெளிநாட்டு நிதியைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவிகிதத்திலிருந்து 20-ஆகக் குறைந்தது. உள்ளூர் சி.எஸ்.ஆர். பணம் வாங்க 2021 முதல் அமைச்சகத்தில் பதிவு, வரிவிலக்குச் சான்று, முன்னனுபவம் எல்லாம் வேண்டும். குப்பத்துக் கோயில் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கும் நான்கு இளைஞர்களிடம் இதில் எது இருக்கும்? அவர்களுக்கு நேராகத் தர முடியாவிட்டால், பதிவுள்ள ஓர் அமைப்பு கணக்கைப் பார்த்துக்கொள்ள, பணம் அவர்கள் வழியாகத் தெருவுக்குப் போகட்டும்.

2024 மார்ச் 14-ல் தங்கசாலையில் 4,181 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். குடியிருப்பு, மருத்துவமனை, சாலை, குடிநீர் எல்லாம் வருகின்றன. கட்டடத்தை அரசு கட்டும் இந்த நேரம், நிறுவனங்கள் ஆளுக்குப் பணம் தரச் சரியான நேரம். காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் பால்வாடியோடு ஒட்டிய காப்பகம், விடிகாலை மூன்று மணியிலிருந்து திறந்திருக்க வேண்டும். இரண்டு ஷிப்டில் உள்ளூர்ப் பெண்களே ஆயாக்கள், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத சம்பளம், நான்கு ஆண்டு ஒப்பந்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில், கையில் காசில்லாத அந்த 61 நாளிலும் அது மூடக் கூடாது. அதே கட்டடத்தில் மாலையில் அக்காமார்களுக்கு விளக்கும் மேசையும் கேரம் போர்டும்.

தன் சி.எஸ்.ஆர். குழுவில் யார் இருக்கிறார்கள், எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. மாநகராட்சியில் வார்டுக்கு வார்டு பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். கத்திவாக்கம், எர்ணாவூர், திருவொற்றியூர், இராயபுரம் என்ற பெயர்கள் எத்தனை வரிகளில் வருகின்றன, அவற்றில் எத்தனை வரி சுவர், எத்தனை வரி சம்பளம் என்று கவுன்சிலரையும் நிறுவனத்தின் பிரதிநிதியையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.